கூடச் சிரிக்க யார் இருக்கிறார்கள்?

ஜப்பானின் வடகிழக்கில் யமகட்டா என்றொரு மாகாணம். 2024 ஜூலையில் அந்த மாகாண அவை ஒரு சட்டம் போட்டது. குடிமக்கள் ஒவ்வொருவரும் நாளைக்கு ஒரு தடவையாவது சிரிக்க முயல வேண்டும். கம்பெனி நடத்துகிறவர்கள் வேலை செய்யும் இடத்தில் சிரிப்புக்கு வழி செய்துதர வேண்டும். மாதந்தோறும் 8-ஆம் தேதி சிரிப்புக்கான நாள். சிரிக்காதவருக்கு அபராதமோ தண்டனையோ கிடையாது. அப்படியும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் விடவில்லை. சிரிப்பதும் சிரிக்காமல் இருப்பதும் அவரவர் சொந்த விஷயம், உடல்நிலை காரணமாகச் சிரிக்க முடியாதவர்களை இது புண்படுத்தாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம்மூரில் இப்படியொரு சட்டம் வந்திருந்தால், சிரித்ததற்கு வி.ஏ.ஓ.விடம் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள்.

யமகட்டாக்காரர்கள் விளையாட்டுக்காக இதைச் செய்யவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகம் 40 வயதைத் தாண்டிய 17,152 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. கேட்ட கேள்வி எளிமையானது: எத்தனை நாளுக்கு ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள்? வாரம் ஒருமுறையாவது சிரித்தவர்களோடு ஒப்பிட்டால், மாதத்துக்கு ஒருமுறைகூடச் சிரிக்காதவர்கள் அந்த ஆண்டுகளில் இறந்துபோகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

படித்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் வேறொன்றும் தோன்றும். மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர் ஏன் சிரிக்கவில்லை? உடம்பு முடியாமல் இருக்கலாம். தனியாக இருக்கலாம். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் டி.வி.யைப் பார்த்தபடி தூங்கிப்போகிறவராக இருக்கலாம். சிரிப்பில்லாததால் ஆயுள் குறைந்ததா, ஆயுளைக் குறைக்கும் வாழ்க்கையில் சிரிப்புக்கு இடமில்லாமல் போனதா? இந்த மாதிரி ஆய்வு அதைப் பிரித்துச் சொல்லாது. ஆனால் இந்தச் சிரிப்பு விவகாரம் முழுவதற்கும் திறவுகோல் அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

ஜோக் தீர்ந்துபோன கதை

1995 மார்ச் 13. மும்பை லோகண்ட்வாலா பகுதியின் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்தே பேரோடு ஒரு சிரிப்பு கிளப் தொடங்கினார். வாக்கிங் வந்தவர்கள் முதலில் கேலி பேசினார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு ஜோக் சொல்ல வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஓரிரு வாரத்தில் நல்ல ஜோக்குகள் தீர்ந்துவிட்டன. அதன்பின் வந்தவை ஆபாசமாகவும் ஒருவரைக் குத்துவதாகவும் இருந்தன. இப்படியே போனால் கிளப்பை மூடிவிடலாம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். கட்டாரியா ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து, ஜோக்கே வேண்டாம், சும்மா சிரிப்போம் என்றார்.

சும்மா எப்படிச் சிரிப்பது? அந்தச் சந்தேகம் உள்ளவர்கள், காலையில் சிரிப்பு கிளப் நடக்கும் பூங்கா பக்கம் ஒருநாள் போய் நிற்கலாம். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், நடைப்பயிற்சி ஷூவும் சேலையுமாக நிற்கும் மாமி, சுகருக்கு மாத்திரை போடுகிற மளிகைக்கடைக்காரர் எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். கைதட்டிக்கொண்டே 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்கிறார்கள். அடுத்து சிங்கச் சிரிப்பு: கண்ணை உருட்டி, நாக்கை முழுதாக வெளியே நீட்டி, விரல்களை நகம்போல் வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் உறுமிச் சிரிக்க வேண்டும். முதல் சில விநாடிகள் எல்லாம் நடிப்பு, ஓசை மட்டும்தான். பிறகு ஹெட்மாஸ்டர் நாக்கை நீட்டும் அழகைப் பார்த்து மாமிக்கு நிஜமாகவே பொத்துக்கொண்டு வருகிறது. மாமி சிரிப்பதைப் பார்த்து மளிகைக்கடைக்காரருக்கு வருகிறது. அப்புறம் யாராலும் நிறுத்த முடிவதில்லை.

இதே வேலையை அந்த மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கண்ணாடி முன் தனியாகச் செய்தால் இப்படி வராது. அமெரிக்காவில் ராபர்ட் புரோவைன் என்ற நரம்பியல் பேராசிரியர், கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று நோட்டுப் போட்டுக் குறித்தார். 1,200 சிரிப்புகள். அதில் ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கேட்டுச் சிரித்தவை பத்திலிருந்து இருபது சதவீதம்தான். மற்றதெல்லாம் 'சரி, நான் கிளம்பட்டுமா', 'இதோ வந்துட்டாரு பாரு' வகையறாப் பேச்சுக்குப் பின் வந்தவை. பேசுகிறவர்தான் கேட்கிறவரைவிட அதிகம் சிரிக்கிறார் என்பதும் தெரிந்தது. தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதன் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறான் என்பது அவர் கண்ட இன்னொரு கணக்கு. டி.வி., புத்தகம் பார்த்துச் சிரிப்பதை இதில் சேர்க்கவில்லை.

நல்ல ஜோக் இல்லாததாலா நாம் சிரிக்காமல் இருக்கிறோம்? போனைத் திறந்தால் வடிவேலு முகத்தில் ஆயிரம் மீம் கிடைக்கிறது. பற்றாக்குறை அங்கே இல்லை.

உடம்பு என்ன செய்கிறது?

சிரிப்பது என்பது உடம்புக்கு ஒரு சின்ன வேலை. உதரவிதானமும் விலாத் தசைகளும் வெட்டி வெட்டிச் சுருங்கி, நுரையீரலில் இருக்கும் காற்றைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. அதனால்தான் அடக்க முடியாமல் சிரிக்கும்போது மூச்சு முட்டுகிறது, வயிறு வலிக்கிறது, பேச வருவதில்லை. இந்த மூச்சுவாங்கலில்தான் விஷயம் இருக்கிறது என்கிறார் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பார். 2012-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளும், சிலருக்குச் சிரிப்புக்கு வழியில்லாத காட்சிகளும் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐஸ்போல் குளிர்ந்த உறையைக் கையில் மாட்டியும், பி.பி. பார்க்கும் பட்டையை இறுக்கியும், எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கூட்டமாக இருந்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூளையில் எண்டார்ஃபின் சுரப்பதன் அடையாளம் இது என்றார் டன்பார். ஐந்து ஆண்டு கழித்து ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் பன்னிரண்டு ஆண்களை அவரவர் நண்பர்களோடு உட்காரவைத்துச் சிரிக்கவிட்டு, பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளை தானே தயாரிக்கும் வலிநிவாரணி உண்மையிலேயே சுரந்திருந்தது.

இதயத்துக்கு வருவோம். 2005-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மில்லர் குழுவினர் இருபது பேருக்கு ஒரு காமெடிப் படத்தையும், ஒரு போர்ப் படத்தின் கொடூரமான தொடக்கக் காட்சியையும் காட்டிக் கையிலுள்ள ரத்தக்குழாயை அளந்தார்கள். காமெடியில் குழாய் நன்கு விரிந்தது, போர்க் காட்சியில் பெரும்பாலானவர்களுக்குச் சுருங்கியது. பிரேசிலில் இதயக் குழாய் அடைப்புள்ள 26 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் இருமுறை காமெடி நிகழ்ச்சியும் மறுபாதிக்கு அரசியல், அமேசான் காடு பற்றிய ஆவணப்படமும் 12 வாரம் போட்டுக்காட்டினார்கள். சிரித்த பாதியினரின் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் பத்து சதவீதம் உயர்ந்தது என்று 2023-இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் 26 பேர். இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது கண் ஆய்வு. நாள் முழுக்க கம்ப்யூட்டரையும் போனையும் பார்த்துக் கண் உலர்ந்துபோகிறவர்களுக்கு டாக்டர்கள் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள். சீனாவில் 299 பேரை வைத்து, பாதிப்பேருக்குச் சொட்டு மருந்தும், பாதிப்பேருக்கு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் சிரிப்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி என்றால் 'ஹீ ஹீ ஹீ, ஹா ஹா ஹா' என்று வீடியோவைப் பார்த்து அப்படியே சொல்வது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், சிரித்தவர்கள் சொட்டு மருந்து போட்டவர்களுக்குச் சளைக்கவில்லை. 2024-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் வந்த ஆய்வு இது. கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இயங்கும் பயிற்சிக்குக் கிடைத்த பலனாக இருக்கலாம் என்பதால், இதற்குக் கூட்டமும் வேண்டாம், நகைச்சுவையும் வேண்டாம். ஆபீஸில் செய்வதானால் பக்கத்து சீட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிரித்தே நோயை வென்றதாக உலகம் கொண்டாடும் மனிதர் நார்மன் கஸின்ஸ். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-இல் முதுகெலும்பை முடக்கும் நோய் வந்து படுத்தவர். ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்கள் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1979-இல் வந்த அவருடைய புத்தகம் லட்சக்கணக்கானோரைச் சிரிப்பு வைத்தியத்தின் பக்கம் திருப்பியது. ஆனால் அவர் கூடவே பெரிய அளவில் வைட்டமின் சியும் ஏற்றிக்கொண்டார், அந்த வகை நோய் சிலருக்குத் தானாகவே தணியும் என்பதும் உண்டு. எது குணமாக்கியது என்று ஒரே ஒரு ஆளை வைத்து எப்படிச் சொல்வது? வலி குறைந்தது என்ற பகுதியை டன்பாரின் ஆய்வுக்குப் பின் நம்பலாம். நோயைச் சிரிப்பு போக்கியது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சிரிப்பால் கெடுதலும் உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு வரலாம், அபூர்வமாக மயக்கம் வரலாம். வயிற்றில் புதிதாக ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பார்க்கப் போகும்போது கவுண்டமணி–செந்தில் வாழைப்பழக் கதையை எடுக்க வேண்டாம்.

ஒரு விநாடி போதும்

உறவு விஷயத்தில் சிரிப்பின் சக்தியைப் பற்றி இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிரெகரி பிரையன்ட் ஒரு வேலை செய்தார். இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஓசையை ஒரு விநாடி அளவுக்கு வெட்டி, 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்குப் போட்டுக் காட்டினார். இந்த இருவரும் நண்பர்களா, இப்போதுதான் சந்தித்தவர்களா என்று கேட்டார். பேச்சு இல்லை, முகம் இல்லை, மொழியும் தெரியாது. அப்படியிருந்தும், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாகவே எல்லா ஊர்க்காரர்களும் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வரும் சிரிப்பொலியை வைத்தே 'மாப்பிள்ளை வந்திருக்காரு போல' என்று சொல்லும் நம்மூர்ப் பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

71 ஜோடிகளை அழைத்து, 'நீங்கள் இருவரும் முதலில் சந்தித்தது எப்படி?' என்று பேசவிட்டு வீடியோ எடுத்தார்கள் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். ஒருவர் மட்டும் சிரித்த நேரம் எவ்வளவு, இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தது எவ்வளவு என்று விநாடிக் கணக்கில் பிரித்தார்கள். சேர்ந்து சிரித்த நேரம் அதிகமுள்ள ஜோடிகள் ஒருவருக்கொருவர் நெருக்கமாகவும், ஒருவருக்கொருவர் துணையாகவும் உணர்ந்தார்கள்.

நம் பெரியவர்கள் இதற்குச் சடங்கே வைத்திருந்தார்கள். நலங்கில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் அப்பளம் உடைப்பதும் எதற்கு? முந்தாநாள்வரை முகம் பார்த்துப் பேசியிராத இருவர். நாளை முதல் ஒரே வீடு. அதற்கு முன் ஊர் முன்னிலையில் இருவரையும் சேர்ந்து சிரிக்கவைத்துவிடுகிறார்கள். சம்பந்தி வீட்டாரை வம்புக்கிழுக்கும் ஏசல் பாட்டும் அந்தக் கணக்கில் வருவதுதான். வரதட்சிணைப் பேச்சில் முறுக்கிக்கொண்ட இரண்டு குடும்பம், பாட்டில் திட்டு வாங்கி இளகும். மாரியம்மன் கோயில் திருவிழா முடிவில் முறைக்காரர்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். யாரைக் கேலி செய்யலாம், யாரைக் கூடாது என்பதற்கு நம் உறவுமுறையில் எழுதாத சட்டம் இருக்கிறது. மாமன், மச்சான், கொழுந்தியாளைச் சீண்டலாம், சித்தப்பாவைச் சீண்ட முடியாது. கேலி செய்ய உரிமையுள்ள உறவு என்று உலகின் பல சமூகங்களில் இருப்பதை 1940-இல் மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

ஆனால் பெண்கள் சிரிப்பதற்கு நம் வீடுகள் அவ்வளவு தாராளமாக இடம் தரவில்லை. 'பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு' என்று பழமொழி வைத்த ஊர் இது. வயசுக்கு வந்த பெண் பல் தெரியச் சிரித்தால் 'என்னடி இளிப்பு' என்ற அதட்டல் இன்றைக்கும் விழுகிறது. அந்த வீட்டு அம்மாவை நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியம் போய்ப் பார்க்க வேண்டும். புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தி தன் மாமியார் ரேஷன் கடையில் கைரேகை வைத்த கதையைச் சொல்கிறாள். விரல் பதியவில்லை என்று மிஷின் சொல்ல, 'நான் உசுரோடதான்யா இருக்கேன்' என்று மாமியார் மிஷினிடமே சண்டைக்குப் போனாராம். சொல்கிறவள் முடிக்கும் முன்பே பக்கத்தில் இருக்கிறவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாய்கிறாள். வீட்டில் அடக்கின சிரிப்பெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது.

'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்'

சிரிப்பு என்றாலே நல்லது என்று எழுதுவது எளிது, பொய். நகை என்னும் உணர்வு பிறக்கும் நான்கு காரணங்களில் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். மற்றவரை இழிவாக்கி வரும் சிரிப்பும் சிரிப்புதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, 'எங்க வீட்டம்மா ரசம் வெச்சா முனிசிபாலிட்டித் தண்ணிக்கே கோவம் வரும்' என்கிறார். மச்சினர் சிரிக்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தம்மாவும் உதட்டை விரிக்கிறார், ஆனால் கண் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போகிறார். 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இதுக்குப் போய்...' என்கிறார் கணவர். இப்போது குற்றம் இரட்டிப்பு: அந்தம்மா கேலிக்கும் ஆளானார், கேலியைத் தாங்கத் தெரியாதவர் என்ற பெயரும் வாங்கினார்.

சியாட்டில் நகரில் ஜான் காட்மன் பல்லாண்டுகளாகத் தம்பதிகள் சண்டை போடுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்தவர். சண்டை போடுவதாலேயே தம்பதிகள் பிரிந்துவிடுவதில்லை என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. சண்டை நடுவிலும் ஒரு கசப்பான பேச்சுக்கு ஐந்து இதமான பேச்சோ செயலோ வரும் ஜோடிகள் நிலைக்கின்றன. அந்த ஐந்தில் ஒரு சின்ன சிரிப்பும் சேர்த்தி. பிரிவை மிக உறுதியாக முன்னறிவிப்பது இளக்காரம்: கண்ணை உருட்டுவது, எதிரில் இருப்பவர் பேசுவதைப் போல நடித்துக் காட்டுவது, மட்டம் தட்டி ஜோக் அடிப்பது. ரசத்தை நக்கலடித்தவர் தான் வீட்டைக் கலகலப்பாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கேலி செய்வதே காமெடி என்று நம் சினிமாவும் டி.வி.யும் இத்தனை ஆண்டு பழக்கிவிட்டதில் அவருக்கும் அது தெரியாமல் போயிருக்கலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான். கேலிக்கு ஆளானவர் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறதா?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இதைத் தெரிந்துவைத்திருந்தவர். கொலை வழக்கில் சிக்கிச் சிறையில் இருந்து, 1947-இல் விடுதலையாகி வந்தபின்னும் அவர் நகைச்சுவையில் கசப்பு ஏறவில்லை. மனைவி டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து நடித்த காட்சிகளில் அந்தம்மாள் வெறும் சிரிப்புப்பொருளாக நிற்பதில்லை, பதிலுக்குப் பதில் கொடுக்கிறார், பல நேரம் ஜெயிக்கிறார். 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாகச் சிரித்துக்காட்டினார் கலைவாணர். அடுத்த ஆண்டு காலமானார். அந்தப் பாட்டு யூடியூபில் இருக்கிறது, வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பாருங்கள்.

சாவு வீட்டுச் சிரிப்பு

துக்க வீட்டில் சிரிப்பு வருவதைப் பலர் குற்றம்போல் உணர்கிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டம் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். யாரோ ஆரம்பிப்பார்கள்: 'மாமா அந்த டி.வி.எஸ் ஃபிஃப்டிய வித்தாரா கடைசிவரைக்கும்?' விற்கவில்லை. வாங்க வந்தவனை வண்டியில் ஏற்றிப் பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து, அவனையே தள்ளவைத்து வீடுவரை வந்தார். இறந்தவரின் மகளே முதலில் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே அழுவாள்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதமானவர்களிடம் இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி முகத்தைப் படம்பிடித்தார்கள் கெல்ட்னர், பொனானோ என்ற இரு உளவியலாளர்கள். 1997-இல் வெளியான முடிவு இது: பேச்சின் நடுவே கண்ணும் சேர்ந்து உண்மையாகச் சிரித்தவர்களுக்கு மனவேதனை குறைவாக இருந்தது, சுற்றியுள்ளவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. துக்கத்தை மறந்ததால் வந்த சிரிப்பு இல்லை அது. துக்கத்தைச் சொல்லக் கேட்க ஆள் இருந்ததால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு ஒரே கட்டிலில் நான்கு பேர் படுத்துக்கொண்டு நான்கு போனில் நான்கு ரீல்ஸ் பார்க்கிறோம். ஒவ்வொருவரும் தனித்தனியாக மூக்கால் 'ஹ்ம்' என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளுகிறோம். அது சிரிப்பே இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி வையுங்கள். காலேஜில் சேர்ந்து சிரித்த சிநேகிதியின் நம்பர் இன்னும் போனில் இருந்தால், பிறந்தநாளுக்கு கேக் படம் அனுப்புவதற்குப் பதில் கூப்பிட்டுப் பேசுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவிடம் 'மாத்திரை போட்டாச்சா' என்பதோடு வைத்துவிடாமல், அவர் நூறு தடவை சொன்ன அந்தப் பழைய கதையை நூற்றோராவது தடவையும் கேளுங்கள். அதில் சிரிக்கப்போவது அவர்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாகச் சிரித்துப் பேசும் ஒருவர், இரண்டு வாரத்துக்கு மேலாகச் சிரிப்பில்லாமல், பிடித்த எதிலும் ஒட்டாமல், சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், அவருக்கு ஜோக் சொல்லாதீர்கள். சிரிப்பு கிளப்புக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு டாக்டர் வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.